இரண்டு சுற்று போதும்: விமானத் தகட்டுத் துளைகளில் பிசிறு எடுக்கும் முறை

சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இறக்கை ரிப் ஒன்றை, அதாவது இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி இருக்கும் தகட்டுப் பாகத்தை, கொண்டுவந்து மேசையில் வைத்தார். “அண்ணே, பாருங்க, எல்லா ஓட்டையிலயும் பிசிறு எடுத்துட்டேன். கை வச்சாலும் வழுக்குது.” ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பளபளவென்று ஒரு வளையம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை அப்படியே கழிவுப் பெட்டியில் போட்டேன். மதியம் முழுக்க உட்கார்ந்து அவர் செய்த வேலை.

பிசிறை, அதாவது துளை போட்டதும் விளிம்பில் நிற்கும் கூரான உலோகத் துணுக்கை, எடுக்காமலே வைத்திருந்தால் அந்த ரிப்பைக் காப்பாற்றியிருக்கலாம். அளவு மீறி எடுத்ததால் போய்விட்டது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் பிசிறு எடுப்பதை மறந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் துளையையே சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கெட்டிக்காரர்களும் பொறுமைசாலிகளும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

நான் சிலேத்தார் பக்கம் ஹேங்கரில் பல வருடம் தகட்டு வேலை பார்த்தவன். இப்போது வாரக்கடைசியில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றை கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவு, பறக்கும் அனுமதி பற்றிய கேள்விகளுக்கு சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம்தான் போக வேண்டும். முதல் தகட்டுக்குக் காசு கட்டும் முன்பே போய்க் கேளுங்கள். இங்கே பேசப்போவது கையும் தகடும் பற்றி மட்டும்.

பிசிறு என்ன செய்யும்

டிரில் பிட் தகட்டுக்குள் இறங்கும்போது உலோகத்தைச் சீவிக்கொண்டு போகும். அடிப்பக்கம் வெளியேறும் கடைசி நொடியில், மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தைச் சீவ முடியாமல் வெளியே தள்ளிவிடும். துளையைச் சுற்றிக் கிரீடம் வைத்தது மாதிரி அது நிற்கும். அதுதான் பிசிறு, ஒர்க்‌ஷாப்பில் பலர் பர் என்பார்கள். மேல்பக்கத்திலும் ஒரு சின்ன உதடு எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டும்.

இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவெட் என்ற உலோக ஆணியை அடிக்கும்போது நடுவில் பிசிறு இருந்தால் அவை ஒன்றோடொன்று உட்காராது, இடையில் காகிதத் தடிமனுக்கு இடைவெளி விழும். ரிவெட்டைத் தட்டும்போது அதன் உடம்பு பருத்துத் துளையை நிறைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்குள்ளும் பிதுங்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் தகடுகள் நெருங்காது. வெளியே பார்த்தால் தலை அழகாகத்தான் இருக்கும். சில நூறு மணி நேரம் பறந்த பிறகு பாருங்கள்: தகடும் ரிவெட்டும் உரசி உரசி வரும் அலுமினியப் பொடி, காற்று போகும் திசையில் தலைக்குப் பின்னால் கருஞ்சாம்பல் வால் மாதிரி படிந்திருக்கும். ஸ்மோக்கிங் ரிவெட் என்று பெயர். பழைய சின்ன விமானங்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கண்டால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருக்கும்.

அடுத்தது விரிசல். இறக்கையின் மேல்தகட்டில் ரிவெட் தலை வெளியே துருத்தக்கூடாது என்பதற்காக, துளையைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி அமுக்கி டிம்பிள் போடுகிறோம். அமுக்கும்போது துளையின் விளிம்புதான் அதிகமாக இழுபடும். அங்கே பிசிறோ கீறலோ இருந்தால் அது அப்படியே வெளிப்பக்கமாகக் கிழியும். 2023-ல் ஒரு கிட் நிறுவனத்தின் பாகங்களில் இதே மாதிரி நடந்து உலகம் முழுக்கக் கட்டுபவர்கள் தலையில் கை வைத்தார்கள். துளைகளை பஞ்ச் செய்யாமல் லேசரால் வெட்டியிருந்தார்கள், டிம்பிள் போட்டதும் பலருடைய தகடுகளில் விரிசல் விட்டது. துளை விளிம்பு எவ்வளவு நுணுக்கமான இடம் என்று புரிய அது போதும்.

அதிகமாக எடுத்தால் என்ன

கட்டுப்பாட்டுப் பரப்புகளின், அதாவது விமானத்தைத் திருப்ப அசையும் பாகங்களின், மேல்தகடு பெரும்பாலும் 0.016 அல்லது 0.020 அங்குலம் இருக்கும். 0.016 அங்குலம் என்றால் 0.4 மில்லிமீட்டர். நீங்கள் இந்தப் பக்கம் 0.2, அந்தப் பக்கம் 0.2 என்று சாய்வாகச் சீவிவிட்டால் துளைக்குச் சுவரே கிடையாது. கத்தி முனைதான் மிச்சம். ரிவெட் எதைப் பிடித்துக்கொள்ளும்?

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று நடுவானில் கூரையை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். அங்கே பிரச்சினை பிசிறு இல்லை. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போனதும் பாரம் முழுக்க ரிவெட் வரிசைக்கு வந்தது. தலை உட்கார மெல்லிய தகட்டை ஆழமாகச் சீவியிருந்ததால் துளை விளிம்புகள் கத்தி முனையாக இருந்தன. பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல்கள் அங்கிருந்து கிளம்பித் துளைக்குத் துளை தாவின. அந்த விமானம் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. நம் விமானத்துக்கு அந்த எண்ணிக்கை வராது, உள்ளழுத்தமும் கிடையாது. ஆனால் கத்தி முனை எங்கே இருந்தாலும் கத்தி முனைதான்.

இன்னொன்று: நாம் வாங்குவது பெரும்பாலும் 2024-டி3 ஆல்கிளாட் தகடு. 2024 என்பது அலுமினியக் கலவையின் எண். வலுவான கலவை, ஆனால் சுலபமாக அரிக்கும். அதனால் இரண்டு பக்கமும் தூய அலுமினியத்தால் மெல்லிய போர்வை போட்டிருப்பார்கள். மெல்லிய தகடுகளில் ஒரு பக்கப் போர்வை மொத்தத் தடிமனில் சுமார் 5 விழுக்காடு. 0.032 அங்குலத் தகட்டில் அது 0.04 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெலிது. துளையைச் சுற்றி அகலமாகச் சீவினால் அந்த அகலத்துக்குப் போர்வை போச்சு. ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் வாழும் நாம் அதைத் தானம் செய்ய முடியாது.

என்ன வாங்குவது

பெரிய பட்டியல் தேவையில்லை. முதல் மாதத்துக்கு ஒரு கூர்மையான 10 மில்லிமீட்டர் டிரில் பிட், அதைச் சொருக அரத்தின் மரக்கைப்பிடி ஒன்று போதும். ஜாலான் புசார் பக்கம் உள்ள எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். விரலால் சுழற்றிப் பழகுங்கள். கை எவ்வளவு அழுத்துகிறது என்பது நேரடியாகத் தெரிவதால் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது.

பழகிய பிறகு வளைந்த கைப்பிடியுள்ள டீபர் டூல், அதாவது பிசிறு எடுக்கும் கருவி, வாங்கலாம். ஒரு கையால் குமிழைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் கைப்பிடியைச் சுற்றினால் முனையில் உள்ள கட்டர் சுழலும். கட்டரை மாற்றலாம். ஒற்றை வெட்டுவாய் உள்ளதையே வாங்குங்கள். மூன்று வாய் கட்டர் மெல்லிய தகட்டில் அதிர்ந்து, துளையை வட்டமாக விடாமல் பலமுக வடிவமாக்கும். கடையில் “கவுண்டர்சிங்க் பிட்” என்று கேட்டால் 82 அல்லது 90 பாகை தருவார்கள். பிசிறு எடுக்க அது பரவாயில்லை. ஆனால் ரிவெட் தலை உட்காரத் தோண்டும்போது அதை எடுத்துவிடாதீர்கள், விமானத் தட்டைத்தலை ரிவெட்டுக்கு 100 பாகை வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்து நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இப்போது ஒன்றின் தண்டில் சிவப்பு டேப்.

வளைந்த கொக்கி பிளேடு உள்ள கருவி ஒன்று எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்கிறது. பெரிய துளைக்கும் தகட்டு ஓரத்துக்கும் அது அருமை. 3 மில்லிமீட்டர் துளையில் விட்டால் ஒரு பக்கம் ஆழமாகக் கடித்துவிடும், வேண்டாம்.

பேட்டரி ஸ்க்ரூடிரைவரில் கட்டரை மாட்டிச் செய்கிறவர்கள் உண்டு. வேகமாக முடியும், கெடுவதும் வேகமாகவே கெடும். கையால் ஆயிரம் துளை எடுத்த பிறகு தொடுங்கள். டிரில் மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள்.

கடைசியாக, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே. என்னுடையதைத் தேக்காவில் வாங்கினேன். கடைக்காரர் “என்ன கல்லு பார்க்கப் போறீங்க?” என்று கேட்டார். ஓட்டை பார்க்கப் போகிறேன் என்றதும் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

டிரில் போடும்போதே பாதி வேலை

பிசிறு குறைவாக வந்தால் எடுப்பதும் குறைவு. மழுங்கிய பிட்தான் முதல் எதிரி. மழுங்கினால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் அடிப்பக்கம் பெரிய பிசிறு. சின்னத் துளைகளுக்கு வேகம் அதிகமாகவும் அழுத்தம் குறைவாகவும் இருக்க வேண்டும். பிட் வெளியேறப் போகிறது என்று தெரிந்ததும் கையைத் தளர்த்துங்கள். முடிந்த இடங்களில் அடியில் ஒரு மரக்கட்டையை இறுக்கமாக வையுங்கள். உலோகத்துக்குப் பிதுங்க இடம் இல்லாவிட்டால் பிசிறு பாதிதான் வரும்.

கிட்டில் துளைகள் ஏற்கெனவே சற்றுச் சிறிதாகக் குத்தப்பட்டு வரும். தகடுகளைக் கிளீக்கோ (துளையில் மாட்டித் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கிளிப்) போட்டுச் சேர்த்துவிட்டுக் கடைசி அளவுக்குத் துளையைப் பெரிதாக்குவோம். வெள்ளி நிறக் கிளீக்கோ 3/32 அங்குல ரிவெட்டுக்கு, செம்பு நிறம் 1/8-க்கு. துளை முறையே 40-ஆம் எண், 30-ஆம் எண் பிட். அந்தக் கடைசி வேலையை டிரில் பிட்டுக்குப் பதில், துளையை மெல்லச் சீவி அளவாக்கும் ரீமரால் செய்தால் துளை வட்டமாகவும் பிசிறு மிகக் குறைவாகவும் வரும். கொஞ்சம் விலை கூட, நான் அதையே சொல்வேன்.

எல்லாத் துளையும் முடிந்ததும் கிளீக்கோவைக் கழற்றித் தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும். “உள்ளே எதுவும் இருக்காது, நல்லா இறுக்கித்தானே போட்டேன்” என்று ஒவ்வொரு புதியவரும் சொல்வார். பிரித்துக் காட்டினால் நடுவில் சுருள் சுருளாகச் சீவல் கிடக்கும்.

முதலில் ஒரு பழகுதகடு

விமானப் பாகத்தைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிவுத் தகடு ஒன்று, 0.020 அல்லது 0.025 அங்குலம், உள்ளங்கை அகலம். 40-ஆம் எண் பிட்டால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு துளை. முதல் வரிசையைத் தொடாதீர்கள். இரண்டாவது வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒரு சுற்று. மூன்றாவதற்கு இரண்டு. நான்காவதற்கு நான்கு. ஐந்தாவதற்கு எட்டுச் சுற்று, கொஞ்சம் அழுத்தியே. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் மார்க்கரால் எண்ணை எழுதுங்கள். பென்சில் கூடாது, அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். கழிவுத் தகட்டிலேயே அந்தப் பழக்கம் வந்துவிடட்டும்.

இப்போது லூப்பை வைத்துப் பாருங்கள். தொடாத வரிசையில் துளை வாய் ரம்பம் மாதிரி இருக்கும். ஒரு சுற்று வரிசையில் பெரும்பாலும் போயிருக்கும், அங்கங்கே ஒரு திட்டு மடங்கி ஒட்டியிருக்கும். இரண்டு சுற்றில், விளிம்பில் முடி கனத்துக்கு ஒரு ஒளிக்கோடு மட்டும் தெரியும். நான்கில் அது வளையமாகியிருக்கும். எட்டில் புனல்.

அடுத்து எல்லாவற்றுக்கும் டிம்பிள் போடுங்கள். பிறகு மறுபடியும் லூப். தொடாத வரிசையிலும் எட்டுச் சுற்று வரிசையிலும் விளிம்பு எப்படி இழுபட்டிருக்கிறது என்று இரண்டு சுற்று வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரிசல் எல்லாருக்கும் விழாது, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்து அந்தத் தகட்டைச் சுவரில் மாட்டிவையுங்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விளக்கு ஸ்விட்ச் பக்கத்தில் அப்படி ஒன்று தொங்குகிறது. அதில் ஒரு துளையில் நட்சத்திரம் மாதிரி மூன்று கீறல்.

கை செய்ய வேண்டியது

பாகத்தை மேசையில் பழைய போர்வை விரித்து வையுங்கள். நீல நிறப் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் துளை வரிசை ஓடும் பட்டையை மட்டும் உரித்துவிடுங்கள். முனை மழுங்கிய சால்டரிங் அயர்னை ஸ்கேலோடு ஓட்டினால் படலம் உருகிப் பிளந்து பட்டையாக வரும், தகட்டில் கத்தி படக்கூடாது. மற்ற இடத்தில் படலம் கொஞ்ச நாள் இருக்கட்டும். வருடக்கணக்கில் விடாதீர்கள், அடியில் ஈரம் புகுந்து அரிக்கும்.

கட்டரைத் துளையில் நேராக நிறுத்துங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும். கருவியின் எடையோடு ஒரு விரலின் எடை, அவ்வளவுதான் அழுத்தம். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அந்தக் கரகரப்பு நின்று வழவழப்பாகும். அது விரலில் தெரியும், அமைதியான அறையில் காதிலும் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். “அண்ணே, மூணாவது சுத்து?” என்று தம்பி கேட்டார். மூணாவது சுத்துக்குக் கூலி கிடையாது என்றேன்.

பிசிறு பெரிதாக இருந்து இரண்டு சுற்றில் போகவில்லை என்றால் கட்டரை அழுத்தாதீர்கள். முதலில் கட்டர் மழுங்கிவிட்டதா என்று பாருங்கள். மழுங்கியது வெட்டாது, பிசிறைத் துளைக்குள்ளேயே மடக்கிவிடும். நகத்துக்குத் தெரியாது, ரிவெட் போகும்போது தெரியும். கட்டர் கூராகத்தான் இருக்கிறது என்றால் டிரில் போட்டதில்தான் கோளாறு, அடுத்த தடவை அங்கே சரிசெய்யுங்கள்.

ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டுத் திருப்புங்கள். முடித்த பக்கத்தின் மூலையில் மார்க்கரால் ஒரு புள்ளி. நடுவில் போன் வந்தாலும் எந்தப் பக்கம் முடிந்தது என்ற சந்தேகம் வராது. சந்தேகம் வந்தவர் எல்லாரும் “எதற்கும் இன்னொரு தடவை” என்று மறுபடி சுற்றுவார்கள். நல்ல துளைகள் அப்படித்தான் கெடுகின்றன.

சரிபார்ப்பது சுலபம். கட்டைவிரல் நகத்தைத் தகட்டோடு படுக்கவைத்துத் துளைமேல் நான்கு திசையிலும் ஓட்டுங்கள், எங்கும் தட்டக்கூடாது. சந்தேகமான இடத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியை இழுத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளும். பத்துத் துளைக்கு ஒன்று லூப்பில். வரிசையின் கடைசித் துளைகளை அதிகம் பாருங்கள், கை சலித்தது அங்கேதான் தெரியும்.

வேலை எவ்வளவு என்று ஒரு கணக்கு. சின்ன விமானத்திலேயே பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட். ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு தகட்டைத் துளைக்கும், ஒவ்வொரு துளைக்கும் இரண்டு வாய். ஆக நாற்பதாயிரம். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றால் 33 மணி நேரம். இதைக் கேட்டு மலைத்துப்போய் பேட்டரிக் கருவிக்குத் தாவாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஐந்து வாரம்தான், அதுவும் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யும் வேலை.

கெட்டுப்போனால்

ஒன்றிரண்டு துளை அகன்றுவிட்டால் வழி உண்டு. 3/32 போட வேண்டிய இடத்தில் துளையைப் பெரிதாக்கி 1/8 ரிவெட் போடலாம், ஆனால் துளையின் நடுவிலிருந்து தகட்டு ஓரம்வரை புது ரிவெட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இடம் இருக்க வேண்டும். தலை சிறிதாகவும் உடம்பு பெரிதாகவும் உள்ள ரிவெட்டுகள் இதற்கென்றே விற்கின்றன. கிட் கொடுத்தவரிடம் படத்தோடு கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வரிசையாகப் பத்துத் துளை அகன்றிருந்தால் பேச்சே வேண்டாம், புதுத் தகடு வாங்குங்கள். என் முதல் எலிவேட்டர் (வாலில் அசையும் பாகம்) தகட்டில் நான் அதைத்தான் செய்தேன். பேட்டரி ஸ்க்ரூடிரைவர், 0.016 தகடு, தூக்கக் கலக்கம். தகட்டின் விலையைவிட அமெரிக்காவிலிருந்து அனுப்பும் கூலி அதிகம்.

எட்டாத இடங்கள், ஓரங்கள்

ரிப்பின் மடிப்புக்குள் இருக்கும் துளைகளில் கைக்கருவி நேராக நிற்காது, சுவர் இடிக்கும். நீளமான தண்டில் கட்டரை மாட்டி விரலாலேயே உருட்டுங்கள். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் மாதிரி தடித்த பாகங்களில் இவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் கவுண்டர்சிங்க் செய்த (தலை உட்காரத் தோண்டிய) பிறகு பின்பக்கம் புதுப் பிசிறு எழும்பியிருக்கும், அதற்கு ஒரு மெல்லிய சுற்று. எஃகுப் பாகங்களுக்கு வேறு அரம், வேறு கட்டர், வேறு சக்கரம். எஃகுத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். ஸ்டீல் உல் பக்கமே போகாதீர்கள்.

தகட்டு ஓரங்களுக்கு முதலில் மெல்லிய அரத்தை நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு வாசல். பிறகு பெஞ்ச் கிரைண்டரில் மாட்டிய ஸ்காட்ச்-பிரைட் சக்கரம், அது இல்லாதவர்களுக்குப் பழுப்புச் சிவப்பு நிற ஸ்காட்ச்-பிரைட் துணி. விரலை ஓட்டினால் பேப்பர் ஓரம் மாதிரி இல்லாமல் பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் மாதிரி இருந்தால் சரி. மடிப்புகள் சந்திக்கும் உள்மூலைகளில் சக்கரம் போகாது. அங்கே ஊசி அரத்தால் உருட்டி, உப்புத்தாளைச் சின்னக் குச்சியில் சுற்றி வழவழப்பாக்குங்கள். துளைகளில் மணிக்கணக்கில் கவனம் வைத்துவிட்டு இந்த மூலையை மறப்பவர்கள் நிறைய, விரிசலுக்கோ இந்த மூலைதான் ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால்

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் டிரில் சத்தம் போட்டால் அண்டைவீட்டார் கதவைத் தட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கையால் பிசிறு எடுக்கும் சத்தம் தேங்காய் துருவுவதைவிடக் குறைவு. அதனால் நான் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் துளை போட்டுப் பிரிப்பது. ரிப், பிராக்கெட் மாதிரி சின்னப் பாகங்களைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வாரநாள் இரவுகளில் சாப்பாட்டு மேசையில் பிசிறு எடுப்பது. பெரிய மேல்தகடுகள் எங்கள் புளோக் லிஃப்டில் நுழையாது, அவை ஒர்க்‌ஷாப்பிலேயே.

வீட்டில் ஒரே சிக்கல் சீவல். ஊசி மாதிரி இருக்கும், வெறுங்காலில் ஏறினால் வெளிச்சத்தில் தேடினாலும் தெரியாது. பழைய படுக்கை விரிப்பைக் கீழே போட்டு, முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிக் குப்பையில் உதறுங்கள். மீதியை காந்தத்தால் எடுக்கலாம் என்று நினைத்து நான் ஒரு மாலை முழுக்கத் தரையில் தவழ்ந்தேன். மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அலுமினியம் காந்தத்துல ஒட்டுமா?” என்றார். இத்தனை வருடம் அந்த வேலை பார்த்தவன் நான். இப்போது அகலமான டேப்பைக் கையில் சுற்றி ஒற்றி எடுக்கிறேன். தகட்டின் மேல் கிடக்கும் சீவலைக் கையால் துடைக்காதீர்கள், பிரஷ் வையுங்கள். கண்ணாடி கட்டாயம்.

நம் ஊர் வியர்வையும் ஒரு பொருட்டுதான். துளை பார்க்க விரல் நுனி வெறுமையாக இருந்தே ஆக வேண்டும், உப்புக் கைரேகையோ தகட்டில் தங்கிவிடும். அதனால் பிசிறு எடுத்த பாகத்தை நான் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கிவைப்பதில்லை. டிம்பிள் போடும் முன் கடைசியாக ஒரு தடவை நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். டிம்பிள் முடிந்ததும் ஸ்காட்ச்-பிரைட்டால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துணி கறுக்காமல் வரும்வரை துடைத்து, அதே வாரக்கடைசியில் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்துவிடுவேன். பிரைமர் துளை விளிம்பிலும் பிடித்திருக்கிறதா என்று லூப்பில் பார்த்த பிறகுதான் ரிவெட் டப்பாவைத் திறப்பது.